ஒரு வீடு, ஒரு பிரிண்டர், நாலு கம்ப்யூட்டர்!

நாளைக்குக் காலையில ரெக்கார்ட் சப்மிட் பண்ணணும். ராத்திரி மணி பதினொன்று. ஃபைல் உங்க லேப்டாப்ல இருக்கு. பிரிண்டர் ஹால்ல, அப்பாவோட பழைய கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கு. பென் டிரைவைத் தேடினா, அது தங்கச்சி பையில. தங்கச்சி தூங்கியாச்சு. எழுப்பினா விடிய விடிய பாட்டுதான். இது உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கா நண்பர்களே? அப்படின்னா இந்த வாரப் பக்கம் உங்களுக்குத்தான்.

ஃபைலைப் பென் டிரைவுல போட்டுத் தூக்கிக்கிட்டு நடக்கிறதுக்கு அமெரிக்காவுல 'ஸ்னீக்கர்நெட்'னு கிண்டலா ஒரு பேரு உண்டு. ஷூ போட்ட காலே நெட்வொர்க்காம்! நாம வீட்டுக்குள்ள செருப்பே போடறதில்ல. அதனால நம்மளுது 'வெறுங்கால்நெட்'.

இத்தனைக்கும் வீட்டுல வைஃபை இருக்கு, ரவுட்டர் இருக்கு. 2011-ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல வாங்கின லேப்டாப் பல வீட்டுப் பரண்ல தூங்கிக்கிட்டு இருக்கு. எல்லாம் இருந்தும் பிரிண்டர் மட்டும் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு வாக்கப்பட்ட மாதிரி உட்கார்ந்திருக்கு. நாட்டுக்கே காலண்டரும் டைரியும் அடிச்சுக் கொடுக்கிற சிவகாசி பக்கத்துலயே இருக்கு. அப்படி இருந்தும் ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் நாலு பக்கம் பிரிண்ட் எடுக்க பைக்கை எடுத்துக்கிட்டுக் கடை கடையா அலையறது நியாயமா?

நெட்வொர்க் பிறந்ததே இதுக்காகத்தான்!

பிரிண்டரைப் பகிர்றது ஏதோ பின்னாடி ஒட்டவச்ச வசதின்னு நினைக்காதீங்க. கலிஃபோர்னியாவுல இருந்த ஜெராக்ஸ் கம்பெனியின் 'பார்க்' ஆராய்ச்சிக்கூடத்துல 1971-ல கேரி ஸ்டார்க்வெதர் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். விநாடிக்கு ஒரு பக்கம் தள்ளுற ராட்சசன் அது. ஆளுக்கு ஒண்ணு வாங்கித் தர முடியாது. ஆனா அங்க ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வரப்போகுது. எல்லாக் கம்ப்யூட்டரையும் அந்த ஒரே பிரிண்டரோட எப்படி இணைக்கிறது? அந்தக் கேள்விக்கு விடை தேடி 1973-ல பாப் மெட்கால்ஃப் யோசிச்ச விஷயம்தான் 'ஈதர்நெட்'. இன்னைக்கு உங்க ரவுட்டர் முதுகுல இருக்கிற மஞ்சள் ஓட்டைகள் இருக்கே, அதோட தாத்தா. மெட்கால்ஃபுக்கு 2022-ம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைச்சது இதுக்காகத்தான்.

இன்னொரு கதை கேளுங்க. 1980 வாக்குல எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்துல ஜெராக்ஸ் கொடுத்த ஒரு லேசர் பிரிண்டரைப் பல பேர் பகிர்ந்துக்கிட்டாங்க. பேப்பர் சிக்கினா, தன் இடத்துல உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாது. நடந்து போய்ப் பார்த்தா, முதல் பக்கமே வந்திருக்காது. பழைய பிரிண்டருக்கு ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற புரோகிராமர், 'பேப்பர் சிக்கிடுச்சு'ன்னு காத்திருக்கிறவங்களுக்குத் தகவல் அனுப்பற மாதிரி புரோகிராமை மாத்தி வச்சிருந்தார். புதுசுக்கும் அதைப் பண்ணலாம்னா, சோர்ஸ் கோடு கையில இல்ல. அதை வச்சிருந்த ஒருத்தரைத் தேடிப் போய்க் கேட்டார். 'தரமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்'னு பதில் வந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-ல 'க்னூ' திட்டமா வெடிச்சது. இன்னைக்கு லினக்ஸ்னு நாம சொல்ற சிஸ்டத்துல பாதி அங்கிருந்து வந்தது. ஒரு பேப்பர் ஜாம் எங்கே கொண்டு போய் விட்டுச்சு பார்த்தீங்களா!

சரி, சரித்திரம் போதும். வேலைக்கு வருவோம்.

வழி ஒண்ணு: வைஃபை பிரிண்டர்

உங்க பிரிண்டர்ல வைஃபை இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா வேலை சுலபம். பிரிண்டரை எந்தக் கம்ப்யூட்டர்லயும் மாட்டாம, நேரா ரவுட்டரோட சேர்த்துடுங்க. அப்புறம் அது வீட்டுல எல்லாருக்கும் பொது. விண்டோஸ்ல 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' போய் 'ஆட் டிவைஸ்' கொடுத்தா பேர் தெரியும். ஐபோன்ல 2010-லிருந்து இருக்கிற 'ஏர்பிரிண்ட்', ஆண்ட்ராய்டுல 2017-ல வந்த 8-ம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிற பிரிண்ட் சர்வீஸ், இதெல்லாம் தானா கண்டுபிடிச்சுக்கும். புதுசா வாங்கறதா இருந்தா, பெட்டி மேல 'ஏர்பிரிண்ட்', 'மோப்ரியா' ரெண்டு பேரும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. பழைய பாணி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியா தர்றதைப் படிப்படியா குறைச்சுடுவோம்னு மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பர்லயே அறிவிச்சாச்சு. டிரைவர் சிடியை நம்பற காலம் போயிடுச்சு பாஸ்!

இதுல மூணு இடத்துல வழுக்கும்.

முதலாவது, விலை குறைஞ்ச பிரிண்டர்கள்ல நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும். ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆன்ல இருந்தா, பிரிண்டர் கண்ணுக்கு வைஃபையே தெரியாது. ரெண்டையும் ஆன் பண்ணுங்க. பிரிண்டர் 2.4-லயும் போன் 5-லயும் இருந்தாலும் பிரச்சினை இல்ல. ஒரே ரவுட்டர்தானே, உள்ளுக்குள்ள பேசிக்கும்.

ரெண்டாவது, 'கெஸ்ட்' வைஃபை. விருந்தாளிக்குன்னு தனியா ஒரு வைஃபை வச்சிருப்பீங்க. அதுல இருக்கிற போனுக்கு இன்டர்நெட் மட்டும்தான் கிடைக்கும். வீட்டு பிரிண்டர் தெரியாது. அது கோளாறு இல்ல, பாதுகாப்பு.

மூணாவது, நேத்து வேலை செஞ்ச பிரிண்டர் இன்னைக்கு 'ஆஃப்லைன்'னு சொல்றது. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் புதுசா நம்பர் கொடுக்கும். நேத்து பிரிண்டருக்கு 192.168.1.5 கொடுத்தது, இன்னைக்கு அந்த நம்பரை டிவிக்குக் கொடுத்திருக்கலாம். லேப்டாப் பாவம், டிவி வாசல்ல போய் நின்னு பிரிண்டரைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸ்ல 'டிஎச்சிபி ரிசர்வேஷன்'னு ஒரு இடம் உண்டு. அங்கே பிரிண்டருக்கு ஒரு நம்பரை நிரந்தரமா எழுதி வச்சுடுங்க. இந்த ஒரு வேலை பாதித் தலைவலியைத் தீர்க்கும்.

வழி ரெண்டு: யுஎஸ்பி பிரிண்டர்

வைஃபை இல்லாத பழைய பிரிண்டரா? கவலை வேண்டாம். அது மாட்டியிருக்கிற கம்ப்யூட்டரை 'வீட்டுக்காரர்'னு வச்சுக்குவோம். அவர் மூலமா மத்தவங்களுக்குப் பகிரலாம்.

வீட்டுக்காரர் விண்டோஸ் 11-ன்னா, 'செட்டிங்ஸ்'ல 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போய், உங்க வைஃபை 'பிரைவேட்'ல இருக்கான்னு பாருங்க. 'பப்ளிக்'ல இருந்தா விண்டோஸ் உங்க வீட்டை பஸ் ஸ்டாண்டுன்னு நினைச்சுக் கதவைச் சாத்திக்கும். அடுத்து அங்கேயே 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', அதுக்குள்ள 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்'. அதுல பிரைவேட் நெட்வொர்க்குக்குக் கீழ 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' ரெண்டையும் ஆன் பண்ணுங்க. கடைசியா 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்'ல உங்க பிரிண்டரைத் தொட்டு, 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்', 'ஷேரிங்' போய், 'ஷேர் திஸ் பிரிண்டர்' டிக் அடிங்க. பேரை இங்கிலீஷ்ல, இடைவெளி இல்லாம, சின்னதா வைங்க.

மத்த லேப்டாப்புல விண்டோஸ் கீயோட 'ஆர்' அழுத்தினா ஒரு சின்னப் பெட்டி வரும். அதுல ரெண்டு பேக் ஸ்லாஷ் போட்டு வீட்டுக்காரர் கம்ப்யூட்டரோட பேரை அடிங்க. பிரிண்டர் தெரியும். டபுள் கிளிக். அவ்வளவுதான்!

'அவ்வளவுதான்'னு சொன்ன இடத்துலதான் பல பேர் முட்டிக்கிட்டு நிப்பாங்க. யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும். தினமும் கம்ப்யூட்டரைத் திறக்க அடிக்கிற நாலு இலக்க பின் நம்பரை அடிப்பீங்க. 'தப்பு'ன்னு சொல்லும். நூறு தடவை அடிச்சாலும் அதே பதில்தான். ஏன்னா அந்த பின் அந்த ஒரு கம்ப்யூட்டரோட சொந்தச் சாவி. நெட்வொர்க் வழியா வர்றவங்களுக்கு அது செல்லாது. அக்கவுண்டோட முழு பாஸ்வேர்டு வேணும். அப்பாவோட பாஸ்வேர்டை வீடு பூராவும் சொல்றதுக்குப் பதிலா, வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல பிரிண்டுக்குன்னே ஒரு சாதாரண லோக்கல் அக்கவுண்ட் உருவாக்கி, அதுக்கு ஒரு பாஸ்வேர்டு வைங்க. மத்தவங்க அதை ஒரு தடவை அடிச்சு 'ரிமெம்பர்' கொடுத்தா முடிஞ்சது.

ஒரு குறை உண்டு. வீட்டுக்காரர் தூங்கினா பிரிண்டரும் தூங்கிடும். அந்தக் கம்ப்யூட்டர் 'ஸ்லீப்'ல போகாம பார்த்துக்கணும்.

ஒரு எச்சரிக்கை. 'ஹோம்குரூப் உருவாக்கு'ன்னு பழைய புத்தகத்துல படிச்சுட்டுத் தேடாதீங்க. 2009-ல விண்டோஸ் 7-ஓட வந்த ஹோம்குரூப்பை, 2018-ல விண்டோஸ் 10-லிருந்து எடுத்துட்டாங்க.

வழி மூணு: பரணில் இருக்கிற லேப்டாப்

இது கொஞ்சம் கைவேலை பிடிச்சவங்களுக்கு. தூசி படிஞ்ச அந்தப் பழைய லேப்டாப்பை இறக்குங்க. பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்ல, சார்ஜர்ல ஓடினா போதும். ஆனா பேட்டரி உப்பியிருந்தா கழட்டி வெளியே வச்சுடுங்க, விளையாட்டு வேண்டாம். அதுல ஒரு லேசான லினக்ஸ் போட்டு, 'கப்ஸ்' என்கிற மென்பொருளை ஓட விடுங்க. மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-ல வெளிவந்தது இது. 2007-ல ஆப்பிள் வாங்கிச்சு. மேக் கம்ப்யூட்டர்கள்ல பிரிண்ட் வேலையைப் பார்க்கிறது இதேதான். பிரவுசர்ல 'லோக்கல்ஹோஸ்ட்'னு அடிச்சு, ஒரு முக்காற்புள்ளி போட்டு, 631 சேர்த்தா அதோட பக்கம் திறக்கும். பிரிண்டரைச் சேர்த்து 'ஷேர்' கொடுங்க. வைஃபையே இல்லாத பழைய பிரிண்டர் உங்க போன்லயும் தெரிய ஆரம்பிக்கும்!

இறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. எல்லா பிரிண்டரும் லினக்ஸோட ஒத்துப் போகாது. நம்ம ஊர்ல ஜெராக்ஸ் கடை, ஆபீஸ்னு எங்கேயும் பார்க்கிற கேனான் எல்பிபி 2900 மாதிரி சில லேசர் பிரிண்டர்களுக்குத் தனி டிரைவர் வேணும், மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 'ஓபன் பிரிண்டிங்' தளத்துல உங்க மாடல் இருக்கான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க.

ராஜபாளையத்துல பிரிண்டர், ஸ்ரீவில்லிபுத்தூர்ல நீங்க!

இது அடிக்கடி வர்ற சந்தேகம். வீடு ராஜபாளையம். காலேஜ் விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல சித்தி வீட்டுக்குப் போறீங்க. அங்கேயும் வைஃபை இருக்கு. இங்கே வீட்டு பிரிண்டருக்கு அங்கிருந்து கமாண்ட் கொடுத்தா வேலை செய்யுமா? பஸ்ல போனா அரை மணி நேரம்தானே!

செய்யாது. காரணம் கிலோமீட்டர் இல்ல, விலாசம். 192.168-னு ஆரம்பிக்கிற நம்பர்கள் வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற நம்பர்கள்னு 1996-ல உலகம் முழுக்க ஒதுக்கி வச்சுட்டாங்க. ராஜபாளையத்துலயும் ஒரு '12, மேலத்தெரு' இருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் ஒரு '12, மேலத்தெரு' இருக்கும். ஊர்ப் பேர் எழுதாம கார்டு போட்டா, போஸ்ட்மேன் உள்ளூர் வீட்டுக்குத்தான் கொடுப்பார். அதே கதைதான். சித்தி வீட்டுல இருந்து 192.168.1.5-ஐக் கூப்பிட்டா, சித்தி வீட்டு மிக்ஸி பக்கத்துல இருக்கிற ஏதோ ஒரு சாதனம்தான் திரும்பிப் பார்க்கும்.

முன்னாடி கூகுள் கிளவுட் பிரிண்ட்னு ஒண்ணு இதுக்கு உதவிச்சு. 2020 டிசம்பர் 31-ஓட அதை மூடிட்டாங்க. இப்போ சில கம்பெனிகள் பிரிண்டருக்கே ஒரு ஈமெயில் முகவரி தர்றாங்க. எப்சன் கனெக்ட் அப்படி ஒண்ணு. அந்த முகவரிக்கு ஃபைலை அனுப்பினா வீட்டுல பேப்பர் வந்து விழும். உங்க மாடல்ல இருக்கான்னு பாருங்க. இல்லையா? பிடிஎஃப்பை வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல போட்டு, 'அக்கா, இதை பிரிண்ட் எடுத்து வையேன்'னு கேளுங்க. அக்காவோட லேப்டாப்புல பிரிண்டர் ஏற்கெனவே பகிர்ந்திருந்தா, அது ரெண்டு நிமிஷ வேலை.

யாரோ சொன்னாங்கன்னு ரவுட்டர்ல பிரிண்டருக்காக 'போர்ட்'டைத் திறந்து மட்டும் வச்சுடாதீங்க. 2018 நவம்பர் கடைசியில அப்படி 9100-ம் நம்பர் போர்ட் திறந்து கிடந்த பிரிண்டர்களைத் தேடிப் பிடிச்ச ஒரு ஹேக்கர், 'பியூடிபை' யூடியூப் சேனலுக்கு சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு அதுல நோட்டீஸ் அடிச்சுவிட்டார். சுமார் 50,000 பிரிண்டருக்கு அனுப்பினதா அவரே சொன்னார். அது குறும்பு. அதே வழியில வர்றவன் எல்லாரும் குறும்புக்காரனா இருக்கணும்னு கட்டாயமில்ல.

திடீர்னு நின்னுட்டா?

பிரிண்ட் கொடுத்தும் வரலைன்னா உடனே பத்து தடவை கொடுக்காதீங்க. வரிசையில முதல்ல நிக்கிற ஃபைல் சிக்கிக்கிட்டா, பின்னாடி நிக்கிற எல்லாமே காத்திருக்கும். தியேட்டர் கவுன்ட்டர்ல சில்லறைக்குச் சண்டை போடறவர் பின்னாடி நிக்கிற கியூ மாதிரி. அந்த வரிசையைக் கவனிக்கிற ஆள் பேரு 'பிரிண்ட் ஸ்பூலர்'. வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல 'சர்வீசஸ்' திறந்து அதை ஸ்டாப் பண்ணி, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ்னு போய், உள்ளே இருக்கிற ஃபைல்களை மட்டும் அழிச்சுட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. வரிசை காலி.

இந்த ஸ்பூலர்லதான் 2021 ஜூலையில 'பிரிண்ட்நைட்மேர்'னு ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. அதன் வழியா கம்ப்யூட்டரையே கைப்பற்ற முடியும்னதால, சப்போர்ட் முடிஞ்சுபோன விண்டோஸ் 7-க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசர அப்டேட் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர்ல வந்த அப்டேட்டுக்கு அப்புறம், பகிர்ந்த பிரிண்டரைத் திறந்தா '11பி'ன்னு முடியற எரர் பல வீட்டுல வந்தது. ரெண்டு கம்ப்யூட்டர்ல ஒண்ணு மட்டும் அப்டேட் ஆகியிருந்தா இது வரும். ரெண்டையும் அப்டேட் பண்றதுதான் சரியான மருந்து. 'ரெஜிஸ்ட்ரியில இதை மாத்து, சரியாயிடும்'னு வர்ற வீடியோக்கள், பூட்டு ரிப்பேருன்னு போனவரிடம் கதவையே கழட்டிக் கொடுக்கிற கதை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுடுச்சு. வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் இன்னும் அதுல ஓடினா, அடுத்து என்னன்னு இப்பவே யோசிங்க.

காசும் ரகசியமும்

சொந்தமா பிரிண்டர் வச்சா லாபமான்னு கேட்டா, நீங்களே கணக்குப் போடுங்க. உங்க தெருக் கடை ரேட்டையும், கார்ட்ரிட்ஜ் விலையை அது தர்ற பக்க எண்ணிக்கையால வகுத்து வர்ற தொகையையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. மாசத்துக்கு நாலே பக்கம்னா கடைதான் லாபம். வீட்டுல மூணு பேர் படிக்கிறாங்கன்னா கணக்கு மாறும். பகிர்றதுல இன்னொரு லாபமும் இருக்கு. இங்க் ஜெட் பிரிண்டர் சும்மா கிடந்தா ஹெட்டுல மை காஞ்சு அடைச்சுக்கும். நாலு பேர் பயன்படுத்தினா காயாது.

காசை விடப் பெரிய விஷயம் ஒண்ணு. ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ்னு நாம பிரிண்ட் எடுக்கிறதுல பாதி அந்தரங்கமான பேப்பர். வெளியே எங்கேயாவது அவசரத்துக்கு எடுத்தா, ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரோட டவுன்லோட் ஃபோல்டர்லயே தங்கிடும். லாக் அவுட் பண்ணாத ஈமெயிலும் தங்கிடும். கடைக்குப் போக வேண்டி வந்தா, கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியற 'மாஸ்க்டு ஆதாரை' ஆதார் தளத்துல எடுத்துக்கிட்டுப் போங்க. எடுத்ததும் ஃபைலை அழிச்சுட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணச் சொல்லுங்க. கேட்கிறதுக்குக் கூச்சப்பட வேண்டாம், அது உங்க ஆதார். இன்னொரு சேதி. தமிழக அரசுச் சான்றிதழ் தலையில இருக்கிற கோபுரம் தங்க ஊர் ஆண்டாள் கோயில் கோபுரம்னு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க பெருமையா சொல்வாங்க. அந்த முத்திரை இருக்கிற பேப்பரைக் கண்ட இடத்துல விட்டுட்டு வரலாமா?

வீட்டுக்குள்ளயும் இந்த மரியாதை வேணும். யார் எதை பிரிண்ட் எடுக்கிறாங்கன்னு வரிசையில ஃபைல் பேர் தெரியும். அதைப் பார்த்து, 'என்ன, வேலைக்கு அப்ளிகேஷன் போடறியா?'ன்னு விசாரிக்க ஆரம்பிச்சா அப்புறம் யாரும் அந்த பிரிண்டரைத் தொட மாட்டாங்க. ட்ரேயில கிடக்கிற அடுத்தவங்க பேப்பரைப் படிக்காம எடுத்து வைங்க.

பிரிண்டர் எங்கே இருக்கணும்?

பல வீட்டுல பிரிண்டர் அண்ணன் ரூம்ல இருக்கும். அவன்தானே இன்ஜினியரிங்! தங்கச்சிக்கு ஹால் டிக்கெட் வேணும்னா, அவன் கதவைத் தட்டி, அவன் மூடு பார்த்து, 'அண்ணா, ஒரே ஒரு பக்கம்'னு கெஞ்சணும். அவன் ஊர்ல இல்லைன்னா கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு. பிரிண்டர் வாங்கினது என்னவோ அப்பா காசுல, அம்மா சேர்த்து வச்ச சீட்டுப் பணத்துல. நெட்வொர்க்குல போட்டுட்டா இந்தக் கெஞ்சல் நின்னுடும். ராத்திரி பதினொரு மணிக்கு யாரையும் எழுப்பாம, யார்கிட்டயும் காரணம் சொல்லாம, தன் ஃபைலைத் தானே எடுத்துக்கலாம். சின்ன விஷயம்தான். ஆனா கேட்டு வாங்கியே பழகினவங்களைக் கேட்டுப் பாருங்க, எவ்வளவு பெருசுன்னு சொல்வாங்க.

அதனால இந்த ஞாயிற்றுக்கிழமை மூணு வேலை. பிரிண்டரை ஹாலுக்கு மாத்துங்க. ரவுட்டர்ல அதுக்கு நிரந்தரமா ஒரு நம்பர் கொடுங்க. வீட்டுல எல்லார் லேப்டாப்லயும் போன்லயும் அதைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பக்கம் டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பாருங்க. அம்மா போன்ல மறக்காதீங்க! கரண்ட் பில் ரசீதை அவங்களே எடுத்துக்கட்டும்.

அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும் பேப்பர் சிக்காம இருக்க வாழ்த்துகள்!